பெரியவளின் முதுகுப்பலகை

உள்ளே எதுவோ விழுந்தது. பெரிய சத்தமில்லை. காலி டப்பாவுக்குள் பென்சில் விழுந்தது போல ஒரு டொக். பிறகு கொஞ்சம் உருண்டு ஓய்ந்தது.

மியூரியல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டாள். போர்வை விரித்த மேசையில் வாத்தியம் மல்லாந்து கிடந்தது. நான்கு தந்திகளையும் தளர்த்தியாயிற்று. தந்திகளைத் தாங்கும் குதிரையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாயிற்று. வெளியே விழுவதற்கு எதுவும் பாக்கியில்லை.

"என்ன சத்தம் கண்ணு அது?"

கேட்டவர் வில்ஃப் ஆக்ஸ்ப்ரிங், ஊரின் பிளம்பர். தேவாலயத்தின் பக்கவாட்டு அறையில் சுவரோரம் மண்டியிட்டு, வெந்நீர்க் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார். எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். பிஷப் வந்தபோது பிஷப்பையும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"உள்ள ஒரு கட்டை நின்னுட்டிருந்துச்சு," என்றாள் மியூரியல். "இப்ப நிக்கல."

"எந்தக் கட்டை?"

"ஊன்றுகட்டை. மேல்பலகைக்கும் முதுகுப்பலகைக்கும் நடுவுல. விரல் தடிமன்தான் இருக்கும். ஒட்டியிருக்க மாட்டாங்க. தந்தி மேலேருந்து அமுக்குறதாலதான் நிக்கும்."

"நீ தந்தியெல்லாம் தளர்த்திட்ட."

"ஆமா."

"எல்லாத்தையும்."

"ஆமான்னு சொன்னேனே."

வில்ஃப் எழுந்து வந்து, வாத்தியத்தின் துளையருகே காதை வைத்துக் கேட்டார், அது ஏதாவது சொல்லும் என்பதுபோல. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை," என்றார்.

மியூரியல் ஸ்டாக்டேல் செய்த தவறு அவளுக்கென்றே அமைந்த தவறு. பதினாறு வயதில் ஷெஃபீல்டில் ஓர் எஃகு ஆலையின் வரைபட அறையில் பிரதியெடுக்கும் பெண்ணாகச் சேர்ந்தவள். போர்க்காலத்தில் ஆண்கள் போய்விட, முழு வரைபடக்காரி ஆனாள். போர் முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அந்த ஆலையில் ஒரு விதி உண்டு: எந்த இயந்திரத்தையும் அளப்பதற்கு முன்னால் அதன் சுமையை இறக்கு. சுமையோடு இருக்கிற உருளை வளைந்திருக்கும், பொய்யான அளவு சொல்லும். பழைய வாத்தியங்களில் ஒரு நேரத்தில் ஒரு தந்தியை மட்டும் தளர்த்த வேண்டும் என்று அருங்காட்சியகத்தில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மேல்பலகையின் வளைவை அளக்க அட்டையை வைத்தாள். தந்திகள் இடித்தன. காதில் கேட்டதைக் கை மறந்துவிட்டது.

ஆலையில் அவளுக்குத் தனியாக ஒரு வேலை இருந்தது. வரைபடத்தின்படி இயந்திரம் செய்து நிறுத்துவார்கள். பிறகு தொழிலாளர்கள் ஓட்ட ஓட்ட அதை மாற்றுவார்கள். இங்கே ஒரு முளை அடிப்பார்கள், அங்கே ஒரு தகடு வைப்பார்கள், இடிக்கிற மூலையை அறுத்துவிடுவார்கள். சில வருஷங்களில் வரைபடத்துக்கும் இயந்திரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அப்போது மியூரியலை அனுப்புவார்கள். உள்ளபடி அளந்து புதிதாக வரைவாள். வலது மூலையில் 'பொருத்தியபடி' என்று எழுதுவாள். மற்ற வரைபடக்காரர்கள் அந்த வேலையைக் கேவலமாக நினைத்தார்கள். எண்ணெய்க்குள் படுத்து யாரோ செய்த ஒட்டுவேலையைப் படம் போடுவதில் என்ன இருக்கிறது என்பார்கள். அவளுக்கு அதுதான் பிடித்தது. ஒரு முளையைப் பார்த்தால் அதை அடித்தவன் எந்தப் பக்கம் நின்றான், எதற்கு எரிச்சல்பட்டான் என்று யோசித்துக்கொண்டே இருப்பாள்.

ஆலை வரைபட அறையை மூடியது. நகர அருங்காட்சியகத்துக்கு வாத்தியங்களை வரைய ஆள் தேவைப்பட்டது. அவளுக்குப் பாட வராது. பள்ளியில் பாட்டு டீச்சர் அவளை வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார். அது இடைஞ்சலாக இருக்குமா என்று நேர்காணலில் கேட்டாள். இருக்காது என்றார்கள்.

ஸ்டானிலோ கிராமத்துக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவள் வரைய வந்த வாத்தியம் ஒரு பாஸ் வயோல். ஏறக்குறைய முந்நூறு வருஷங்களுக்கு முன்னால் லண்டனில் யாரோ நல்ல கைக்காரன் செய்தது. அப்போது அதற்கு ஆறு தந்திகள், கழுத்துத் தண்டியில் விரல் அழுத்துவதற்குக் குடல்நரம்பால் கட்டிய மெட்டுகள். முழங்கால்களுக்கு நடுவே பிடித்து வில்லால் மெதுவாக வாசிப்பார்கள். பிறகு எப்படியோ இந்த ஈயச்சுரங்க மலைக்கு வந்து, தேவாலயப் பாடகர்களுக்குக் கீழ்க்குரல் கொடுக்கும் வாத்தியம் ஆனது. ஆறு தந்திகள் நான்காயின. மெட்டுகள் போயின. தலையில் செதுக்கிய பெண்முகம் மட்டும் மூக்கு உடைந்து அப்படியே இருந்தது. ஊரார் அதைப் பெரியவள் என்றார்கள்.

பெரியவள் தேவாலயத்தின் சொத்து. ஆனால் அது பாடுவது பப்பில். ஒரு காலத்தில் வந்த பாதிரியார் ஒருவர் ஊரின் கிறிஸ்துமஸ் பாட்டுகள் கூச்சலாக இருக்கின்றன என்று ஆர்கனை வாங்கிப் போட்டார். பாட்டுக்காரர்கள் கோபித்துக்கொண்டு எதிரே இருந்த 'மஞ்சள் சிங்கம்' பப்புக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அன்றிலிருந்து நவம்பர் பாதியில் தொடங்கி கிறிஸ்துமஸ் வரை ஒவ்வொரு ஞாயிறும் மதியம் அங்கேதான் பாட்டு. வில்ஃப் சுவரிலிருந்து பெரியவளை இறக்கி, உறை இருந்தாலும் அதைப் போடாமல் தோளில் சாய்த்து ரோட்டைக் கடந்து கொண்டுபோவார். அவருடைய அப்பா செய்தது, தாத்தா செய்தது. இந்த வருஷத்தின் முதல் ஞாயிறு நாளைக்கு.

திங்கட்கிழமை தேவாலயக் குழு கூடுகிறது. அருங்காட்சியகம் பெரியவளைக் கேட்டிருக்கிறது. மியூரியலின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் குழு முடிவு செய்யும். கொடுத்துவிட்டால் அதைத் திறந்து, பிற்காலத்தில் சேர்ந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, மறுபடியும் ஆறு தந்தி வயோலாக்கிக் கண்ணாடிக்குள் வைப்பார்கள். எப்போதாவது ஒரு கச்சேரிக்கு எடுப்பார்கள். வில்ஃபுக்கு நான்கு தந்திகளில்தான் வாசிக்கத் தெரியும்.

மியூரியல் பல்மருத்துவரின் குட்டிக் கண்ணாடியைத் துளைக்குள் விட்டுச் சிறு பல்பை எரியவிட்டாள். அந்த வாரம் முழுக்க அவள் இப்படித்தான் உள்ளே குடியிருந்தாள். பார்க்கப் பார்க்க ஆசை அடங்கவில்லை. தலையில் தந்தி முறுக்கும் பிருடைகளுக்கு முதலில் ஆறு துளைகள் இருந்திருக்கும். நான்கு தந்திக்கு மாறியபோது இரண்டை அடைத்தால் போதும். ஆனால் அடைத்த துளைகளை எண்ணினால் இரண்டுக்கு மேல் வந்தது. ஆக, பிருடைகளை ஒருவன் இடம் மாற்றி, அது சரிப்படாமல் இன்னொருவன் மறுபடி மாற்றியிருக்கிறான். தண்டி புதிது. படிக்கட்டு மாதிரி வெட்டிப் பழைய தலையோடு ஒட்டி, சந்தேகத்துக்கு ஒரு லாட ஆணியும் அடித்திருந்தார்கள். மேல்பலகை லண்டன்காரனுடையதேதான். ஐந்து பட்டைகளைச் சூட்டில் வளைத்துப் பக்கம் பக்கமாக ஒட்டியது. பீப்பாய் செய்கிற மாதிரி.

முதுகுப்பலகைதான் அவளைத் தூங்கவிடாதது. லண்டன்காரன் அழகான மேப்பிள் மரம் போட்டிருப்பான். இது கறுத்த எல்ம் மரம்.

"ஆப்ஸலம் வேலை," என்று முதல் நாளே சொல்லியிருந்தார் வில்ஃப். "எங்க தாத்தாவோட தாத்தா. தச்சன். சவப்பெட்டியும் செய்வாரு. ஜோப் ஹாலம்னு ஒருத்தன் செத்துருவான்னு டாக்டர் கைவிரிச்சுட்டாரு. இவரு பலகைய அறுத்து வச்சுட்டாரு. அந்த ஆளு பொழச்சுக்கிட்டான். பொழச்சதோட இல்லாம, இது எனக்குப் பத்தாதுய்யா, தோள் இடிக்கும்னு வேற சொன்னானாம். அந்தப் பலகைதான் இது."

"அப்படின்னு சொல்றாங்க."

"அப்படின்னு நானே சொல்றேன்ல."

மியூரியல் நம்பவில்லை. ஊருக்கு ஒரு கதை இருக்கும். ஆனால் இரண்டு நாள் கழித்துக் கண்ணாடியில் ஒன்று தெரிந்தது. வயோல் வாத்தியத்தின் முதுகு தட்டையானது, மேலே மட்டும் தண்டியை நோக்கிச் சாய்வாக மடங்கும். அந்த மடிப்பில், குறுக்கே, வரிசையாக ரம்பத்தின் கோடுகள். பலகையைப் பாதி ஆழம்வரை அறுத்து, வெந்நீர் ஊற்றி வளைத்து, கோடுகள் மூடிக்கொண்ட பிறகு பசை தடவியிருக்கிறார்கள். வாத்தியம் செய்பவர் எவரும் இப்படிச் செய்வதை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. வில்ஃபைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"தோள்பட்டை," என்றார் அவர் உடனே. "பெட்டியோட தோள்பட்டையை இப்படித்தான் வளைப்பாங்க. அகலம் மாறுற எடத்துல அறுத்து, கெட்டில் தண்ணிய ஊத்தி, மடக்குவாங்க. எங்கப்பா செய்றதப் பாத்துருக்கேன்."

ஜோப் ஹாலம் கதை உண்மையோ இல்லையோ, முதுகை மடக்கியது சவப்பெட்டிக் கை. மியூரியல் அன்று மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டாள்.

இப்போது கட்டை கண்ணாடியில் தெரிந்தது. கீழ்ப்பக்கம் உருண்டு போய்க் கிடந்தது. உடையவில்லை.

"திருப்பி நிறுத்த முடியுமா?" என்றார் வில்ஃப்.

"முடியலாம். ஆனா நான் அதைச் செய்யக் கூடாது. எதையும் சேக்கக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது. அதுதான் என் வேலை."

"நீதான் எடுத்துட்டியே."

அதற்குப் பதில் சொல்வதற்குள் கதவு திறந்து ஜூலியன் ஏமரி வந்தார். அருங்காட்சியகத்தின் வாத்தியப் பிரிவுக்குப் பொறுப்பாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். அவரே வயோல் வாசிப்பார். கையில் ஒரு பொட்டலம் இஞ்சி ரொட்டி. எங்கே போனாலும் தின்பதற்கு எதையாவது கொண்டுபோகிற மனிதர்.

"எப்படிப் போகுது, மிஸ் ஸ்டாக்டேல்?"

"ஊன்றுகட்டை விழுந்துடுச்சு. நான்தான் காரணம். எல்லாத் தந்தியையும் ஒண்ணா தளர்த்திட்டேன்."

ஏமரி பொட்டலத்தை வைத்தார். கோபப்படவில்லை. பல்பை வாங்கி உள்ளே விட்டார். மேல்பலகை உள்ளிருந்து சிவந்து ஒளிர்ந்தது, காது மடலுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் தெரிகிற மாதிரி. மேல்ஸ்தாயித் தந்திப் பக்கம் அந்தச் சிவப்பு வெளிறி ஏறக்குறைய மஞ்சளாகவே இருந்தது.

"கடவுளே. எவ்வளவு மெல்லிசா இருக்கு."

"யாரோ உள்ள சுரண்டியிருக்காங்க. சத்தம் கூடும்னு நெனச்சுருப்பாங்க. அப்புறம் பயந்து போய் இந்தச் சட்டத்தை ஒட்டியிருக்காங்க." உள்ளே நீளவாக்கில் ஓடிய தடித்த ஓக் சட்டத்தைக் காட்டினாள். அதன் இருபுறமும் வெள்ளைத் துணிப் பட்டைகள் ஒட்டியிருந்தன. சவப்பெட்டிக்குள் விரிக்கிற துணியாக இருக்கும் என்று அவள் சந்தேகப்பட்டாள்.

"நல்லதுதான்," என்றார் ஏமரி மெதுவாக. "ஒரு விதத்துல. அப்படியே விட்டுடுங்க. தந்தி வேண்டாம், கட்டையும் வேண்டாம். சுமை இல்லாம இருக்கறதுதான் அதுக்கு நல்லது. திங்கட்கிழமைக்கு அப்புறம் எப்படியும் திறக்கப்போறோம்."

"நாளைக்குப் பாட்டு இருக்கு," என்றார் வில்ஃப்.

"ஒரு ஞாயிறு தானே, மிஸ்டர் ஆக்ஸ்ப்ரிங்."

"ஆமா கண்ணு. கிறிஸ்துமஸும் ஒரு நாள் தான்."

ஏமரி சிரித்துவிட்டார். சிரித்ததற்காக வருத்தப்பட்டவர்போல மியூரியலைப் பார்த்தார். "ரெண்டு தாள் வேணும்னு சொல்லியிருந்தேனே. ஒண்ணு இப்போ இருக்கற மாதிரி. இன்னொண்ணு முதல்ல இருந்த மாதிரி. குழுவுக்கு அந்த ரெண்டாவது தாளைக் காட்டினா உடனே புரிஞ்சுடும்."

"முதல்ல இருந்த தண்டி என்ன நீளம்?"

"மத்த வயோல்களை வச்சு ஊகிக்கலாம்."

"முதுகு?"

"அதே மாதிரிதான்."

"அப்போ நான் மத்த வயோல்களைத்தான் வரைவேன். இதை இல்ல."

"புள்ளிக்கோடு போட்டு வரைங்களேன். ஊகம்னு தெரியற மாதிரி."

மியூரியல் குனிந்து துளைக்குள் பார்த்தாள். அவள் மனசில் ஓடியது கொள்கை எதுவும் இல்லை. உள்ளதைச் சொன்னால், அவளுக்கும் அதைத் திறந்து பார்க்க வேண்டும்போல இருந்தது. மேல்பலகையை எடுத்துவிட்டால் ரம்பக் கோடுகளை நேராகப் பார்க்கலாம். எத்தனை ஆழம், கோடுகளின் இடைவெளி சமமா, ஆப்ஸலம் வலக்கையா இடக்கையா. கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்ததையெல்லாம் நேரே வைத்து அளக்கலாம். ஒரு வாரமாகச் சாவித்துவாரத்தில் கண் வைத்தவளிடம் கதவைத் திறக்கிறேன் என்கிறார்.

"இந்தச் சட்டத்தை எடுத்தா மேல்பலகை நிக்குமா?" என்று கேட்டாள்.

ஏமரி மறுபடி அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தார். "தெரியல," என்றார். "நிஜமா தெரியல." இஞ்சி ரொட்டியை இருவருக்கும் நீட்டினார், தானும் ஒன்றைக் கடித்துக்கொண்டார். நாளை மதியம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் போகிற சத்தம் கேட்டது. வில்ஃப் கருவிப் பையை மூடினார்.

"சரி கண்ணு. நாளைக்கு நான் வெறுங்கையோட போய் நிக்கிறேன். என் குரலைக் கேட்டா கூட்டம் சீக்கிரம் கலைஞ்சுரும்."

"எடுத்தது நான்தானே. உங்க கிட்ட பித்தளைக் கம்பி இருக்கா?" என்றாள் மியூரியல். "பென்சிலைவிடக் கொஞ்சம் மெல்லிசா. வளைச்சா வளைச்சபடியே நிக்கணும்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்தார்.

கம்பியின் ஒரு முனையை அரத்தால் கூராக்கினார். பாம்புபோல இரண்டு வளைவு கொடுத்தார். மியூரியல் கட்டையை நூல் சுருக்கில் பிடித்து, வில்ஃப் வாத்தியத்தைச் சாய்க்கச் சாய்க்கத் துளைக்கு வெளியே இழுத்தாள். கூர்முனையில் அதைக் குத்தி உள்ளே அனுப்பினாள். இடது கையில் கண்ணாடி. முதுகுப்பலகையின் உட்புறம் குறுக்கே ஒட்டிய தாங்குபட்டையில் கட்டை நின்ற தடம் வட்டமாகத் தெரிந்தது. ஒன்றில்லை, இரண்டு. ஒன்று வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. அதிலிருந்து விரலகலம் ஓரமாக இன்னொன்று, ஆழமாக, அழுக்கேறி.

"எது?" என்றார் வில்ஃப்.

"வெளுத்ததுலதான் இதுவரைக்கும் நின்னுருக்கு. கட்டை மூடியிருந்ததால தூசி படல. அழுக்கானது அதுக்கு முன்னாடி."

"யாரு மாத்துனா?"

"நீங்கதான் சொல்லணும்."

"நான் பொறந்ததுலேருந்து இதுக்குள்ள யாரும் கையை விட்டதில்ல. எங்கப்பா விட்டுருந்தா ஊருக்கே சொல்லியிருப்பாரு. அவரு ஷூ லேஸ் கட்டுனாலே ஊருக்குச் சொல்ற ஆளு."

வெளுத்த தடத்தில் நிறுத்தினாள். நின்றது. விரலால் மேலே தட்டியதும் விழுந்தது. மறுபடி குத்தி, மறுபடி நிறுத்தினாள். மறுபடி விழுந்தது. சுமை இறங்கியதும் மேல்பலகை ஒரு நூல் அளவு மேலே எழுந்துவிட்டிருந்தது. கட்டை அங்கே எட்டவில்லை.

"கீழ பீர் கிளாஸ் வைக்கிற அட்டை ஒண்ணைக் கிழிச்சு வச்சுடலாமா?"

"வேண்டாம்."

"ஆப்ஸலம் வச்சுருப்பாரு."

"வச்சுருப்பாரு. அது அவர் கணக்குல போகும். நான் வச்சா என் கணக்குல போகும்."

அழுக்குத் தடத்துக்கு நகர்த்தினாள். அங்கே மேல்பலகை கொஞ்சம் தாழ்வு. கட்டை இறுக்கமாகப் போய் உட்கார்ந்தது. கம்பியின் மறுமுனையால் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. வில்ஃப் மூச்சு விட்டார். அதுவரை பிடித்துவைத்திருந்தார்போல.

குதிரையை நிறுத்தி, தந்திகளை ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்கள். ஒவ்வொரு முறுக்கலுக்கும் மரம் எங்கோ முனகியது. மியூரியல் கண்ணை மூடிக்கொண்டாள். எஃகு ஆலையில் புது உருளைக்குச் சுமை ஏற்றும்போதும் அப்படித்தான் மூடிக்கொள்வாள்.

வில்ஃப் பெரியவளை முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வில்லை எடுத்தார். 'கீழ்க்கேணி' என்று ஊரார் சொல்கிற மெட்டின் அடிக்குரலை வாசித்தார். பாதியில் நிறுத்தினார்.

"என்ன?"

"வேற ஆளு மாதிரி இருக்கு."

"மோசமா?"

"மோசமில்ல. சத்தம் ஜாஸ்தி. கொஞ்சம் முரட்டுத்தனம். சளி பிடிச்ச பெரிய பொம்பள." மறுபடி வாசித்தார், இந்தமுறை கடைசிவரை. "எங்கப்பா காலத்துச் சத்தம் இது இல்ல கண்ணு. இது யார் காலத்துச் சத்தம்னே தெரியல."

மியூரியலுக்கும் தெரியவில்லை. தெரியவேண்டும்போல இருந்தது.

ஞாயிறு மதியம் மஞ்சள் சிங்கத்தில் நிற்க இடமில்லை. கதவருகே கோட்டுடன் நின்ற ஏமரியின் முகம் பெரியவளைப் பார்த்ததும் மாறியது. நான்கு தந்திகளும் ஏறி, வில்ஃபின் முழங்காலுக்கு நடுவே அது இருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மியூரியலிடம் வந்தார்.

"நீங்க செஞ்சீங்களா?"

"ஆமா."

"நான் வேண்டாம்னு சொன்னேன்."

"சொன்னீங்க. அதையும் தாள்ல போடறேன்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது பாட்டு தொடங்கியது. இந்த ஊரில் பாட்டு தொடங்கினால் அதற்கு மேல் பேச முடியாது. ஆண்கள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்கள். பெண்கள் அவர்களுக்கு மேலே ஏறினார்கள். அடியில் பெரியவள் ஓடினாள். ஏமரி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வில்ஃபுக்குப் பக்கத்தில் போய்விட்டார். அங்கே குனிந்து மேல்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார், எந்த நிமிஷமும் அது பிளக்கும் என்று எதிர்பார்ப்பவர்போல. பிளக்கவில்லை. மூன்றாவது பாட்டில் யாரோ அவர் கையில் ஒரு கிளாஸைத் திணித்தார்கள்.

தேவாலயக் குழுவின் தலைவி மிஸஸ் ஃபர்னஸ் மியூரியலின் காதருகே குனிந்தார். கறிக்கடை வைத்திருப்பவர். குரலைத் தாழ்த்தத் தெரியாதவர்.

"ஏம்மா, பெரியவளுக்கு என்ன பண்ணீங்க? குரல் ஒடஞ்ச பையன் மாதிரி இருக்கு."

"நல்லா இல்லையா?"

"நல்லா இல்லைன்னு யாரு சொன்னா? எங்க மாமியார் இருந்தா கேக்கலாம். அவங்களுக்குத்தான் பழைய சத்தம் தெரியும். ஆனா அவங்க எது கேட்டாலும் நல்லா இல்லைன்னுதான் சொல்லுவாங்க." பாட்டின் முடிவை அவர் கூடச் சேர்ந்து பாடிவிட்டுத் திரும்பினார். "நாளைக்கு என்ன சொல்லப்போறீங்க?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். படத்தைத் தொங்கவிடுவேன்."

"எங்களுக்குப் படம் பாக்கத் தெரியாதேம்மா."

"கோடு எல்லாம் உள்ளதுதான். இல்லாததை வரையல."

மிஸஸ் ஃபர்னஸ் அவளை உற்றுப் பார்த்தார். "நீங்க பாடலையா?"

"பாடறேனே," என்றாள் மியூரியல். வாயை அசைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலை மழை பெய்தது. மியூரியல் தங்கியிருந்த அறையிலேயே தாளை முடித்தாள். மேல்பலகை, பக்கம், முதுகு, வெட்டுத்தோற்றம் எல்லாம் ஒரே தாளில் வந்தன. இரண்டாவது தாள் வரையவில்லை. ஓரத்தில் மாற்றங்களின் பட்டியலை எழுதினாள். செய்தவர் தெரியாத இடங்களில் தெரியவில்லை என்று எழுதினாள். முதுகுப்பலகைக்கு எதிரே ஆப்ஸலம் ஆக்ஸ்ப்ரிங், தச்சர், என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டாள். கடைசி வரியில், ஊன்றுகட்டை விழுந்தது, ஓரத்துத் தடத்துக்கு மாற்றி நிறுத்தப்பட்டது, நவம்பர் 1976, மி. ஸ்டாக்டேல், வி. ஆக்ஸ்ப்ரிங், அருங்காட்சியகத்தின் அனுமதி இல்லாமல் என்று எழுதினாள். வலது மூலையில் 'பொருத்தியபடி' என்று எழுதினாள்.

கூட்டம் பள்ளிக்கூட அறையில் நடந்தது. குழந்தைகளின் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தாளைக் கரும்பலகையில் ஊசி குத்தி மாட்டினார்கள். ஏமரி பேசினார். பழைய நிலைக்குக் கொண்டுபோனால் இதில் எது மிஞ்சும் என்று மிஸஸ் ஃபர்னஸ் கேட்டார். தலை, மேல்பலகை, பக்கங்களில் பாதி என்றார் ஏமரி. மேல்பலகை நிற்குமா என்று கேட்டார்கள். உள்ளே இருக்கிற சட்டம்தான் அதைத் தாங்குகிறது, அதை எடுத்தால் நிற்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். முந்தின நாள் பாட்டின்போது அருகே நின்று பார்த்ததாகவும், சட்டத்தோடு அது பிளக்கவில்லை என்றும் சொன்னார்.

கடைசி வரியை மிஸஸ் ஃபர்னஸ் சத்தமாகப் படித்து, இது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றாள் மியூரியல். அனுமதி இல்லாமல் என்பதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், தாளிலேயே இருக்கிறது என்று முடிவானது.

கை தூக்கச் சொன்னார்கள். வாத்தியம் ஊரிலேயே இருக்கும். பப்பில் கணப்புக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, மழையில் மூடாமல் ரோட்டைக் கடக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள். இரண்டு பேர் எதிர்த்தார்கள். அவர்களில் ஒருவர் எதிர்த்தது கணப்பு நிபந்தனையை மட்டும்.

ஏமரி தாளின் ஒரு நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆறு தந்தியோடு புதிதாக ஒன்று செய்ய ஒருவரிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். புள்ளிக்கோடுகளை நானே போட்டுக்கொள்கிறேன் என்றார். அடுத்த வேலை ஒரு முரசு, ஜனவரியில், வர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள்.

வில்ஃப் கூட்டத்துக்கு வரவில்லை. பள்ளிக்குப் பின்னால் ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டி உடைந்து அதில் சிக்கிக்கொண்டிருந்தார். மியூரியல் பஸ்ஸுக்குப் போகிற வழியில் அங்கே நின்று விஷயத்தைச் சொன்னாள். மாடியிலிருந்து தலையை நீட்டி, சரி கண்ணு என்றார். பிறகு, அந்தப் பித்தளைக் கம்பி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். பெரியவளின் உறைக்குள் வைத்திருக்கிறேன், கட்டை மறுபடி விழுந்தால் வேண்டியிருக்கும் என்றாள். பஸ் தாமதமாக வந்தது. வழியெல்லாம் மழை.